ஆட இடம் மறுக்கப்பட்டவர், ஏடுகளில் முதலிடம்: பேஸ்பால் வீரர் ஜாஷ் கிப்சனின் வாழ்க்கை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகளில் ஒரு நாள்கூட ஆட அனுமதிக்கப்படாத ஒருவரின் பெயர், இன்று அந்த அமைப்பின் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் உள்ளது. 1947-ஆம் ஆண்டு 35 வயதில் மறைந்த கறுப்பின வீரர் ஜாஷ் கிப்சன், 2024-ஆம் ஆண்டு மே மாதம் அந்த இடத்தைப் பெற்றார். அதே ஆண்டில் வெளியான 'எம்எல்பி தி ஷோ 24' என்னும் வீடியோ கேமிலும் அவர் இடம்பெற்றார். அவர் மறைந்து ஏறத்தாழ 77 ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்த இந்தப் பெருமைகளுக்குப் பின்னால், நிறவெறி ஒரு விளையாட்டின் கணக்கேடுகளைக்கூட எவ்வாறு முடக்கியது என்ற வரலாறு இருக்கிறது.

எஃகு நகரத்துச் சிறுவன்

ஜார்ஜியா மாநிலத்தின் பியூனா விஸ்டா என்ற சிற்றூரில் 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி கிப்சன் பிறந்தார். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறை கடுமையாக இருந்த காலம் அது. வேலையும் பாதுகாப்பான வாழ்வும் தேடி லட்சக்கணக்கானோர் வடக்கு நோக்கிப் புலம்பெயர்ந்தனர். கிப்சனின் தந்தையும் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்று எஃகு ஆலையில் வேலையில் சேர்ந்தார். குடும்பம் பின்னர் அங்கு குடியேறியது.

பள்ளியில் மின்தொழில் பயின்ற கிப்சன், படிப்பை முடிக்காமலே வேலைக்குச் சென்றார். மாலை வேளைகளில் உள்ளூர் அணிகளுக்காக ஆடினார். பேஸ்பாலில் 'கேட்சர்' என்பவர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைப் போல் மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டே, எல்லைச் சுவரைத் தாண்டிப் பந்தை விரட்டும் 'ஹோம் ரன்' அடிகளாலும் அவர் பெயர் பெற்றார். 1930-ஆம் ஆண்டு, 18 வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பின அணியில் இடம்பிடித்தார்.

அதே ஆண்டில் அவர் வாழ்வில் பேரிடி விழுந்தது. இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த அவருடைய இளம் மனைவி ஹெலன், பிரசவத்தின்போது உயிரிழந்தார். குழந்தைகள் இருவரும் உறவினர்களின் பராமரிப்பில் வளர, கிப்சன் ஊர் ஊராகச் சென்று ஆடிச் சம்பாதித்தார்.

தனி லீக், தனி உலகம்

மேஜர் லீக் அணிகளில் 1884-ஆம் ஆண்டுக்குப் பின்னர் கறுப்பின வீரர் எவரும் சேர்க்கப்படவில்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலே, அணி உரிமையாளர்களின் உடன்பாட்டால் இந்தத் தடை நீடித்தது. இதனால் கறுப்பின வீரர்கள் தங்களுக்கெனத் தனி அணிகளை அமைத்துக்கொண்டனர். 1920-ஆம் ஆண்டு ரூப் ஃபாஸ்டர் என்ற வீரரின் முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு சில லீக்குகளும் உருவாயின.

இந்த அணிகள் பேருந்துகளில் நாடு முழுவதும் பயணம் செய்தன. பல ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் வீரர்களுக்கு இடம் தர மறுத்தன. லீக் ஆட்டங்களில் மட்டும் கிடைத்த வருவாய் போதாததால், உள்ளூர் அணிகளுடன் எண்ணற்ற காட்சி ஆட்டங்களையும் அவர்கள் ஆட வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை முறையாகப் பதிவு செய்யப்படவில்லை.

1932-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிக்கு மாறிய கிப்சன், 1937-இல் மீண்டும் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்குத் திரும்பினார். இடையில் டொமினிகன் குடியரசு, மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களிலும் ஆடினார். கிரேஸ் அணி 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நீக்ரோ வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை வென்றது.

அக்காலத்தில் கிரேஸ் அணி தன் ஆட்டங்கள் பலவற்றைத் தலைநகர் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் நடத்தியது. அது வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் மைதானம். அந்த அணி வெளியூர் சென்றிருக்கும் நாட்களில், வாடகை செலுத்தி கிரேஸ் அணி ஆடியது. அதாவது, கிப்சன் ஆடிய களம் மேஜர் லீக் களமாகவே இருந்தது. அதன் அணியில் சேரும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

நோயும் மறைவும்

1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிப்சன் சுயநினைவு இழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. கடும் தலைவலியோடும் குடிப்பழக்கத்தோடும் போராடிய அதே ஆண்டில்தான் தன் வாழ்நாளின் மிகச்சிறந்த ஆட்டத்தை அவர் வெளிப்படுத்தினார். 1946 வரை தொடர்ந்து களமிறங்கினார்.

இதற்கிடையில் 1945-ஆம் ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அமைப்பு, ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்தது. நிறத்தடை உடையத் தொடங்கிய அந்த வேளையில் கிப்சனின் உடல்நிலை சிதைந்துகொண்டிருந்தது. 1947-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி பிட்ஸ்பர்கில் அவர் காலமானார். மூன்று மாதங்கள் நிறைவடையும் முன்பே, ஏப்ரல் 15-ஆம் தேதி ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கினார்.

கிப்சன் 1972-ஆம் ஆண்டு பேஸ்பால் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்டார். ஆயினும் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை.

எண்கள் கூறுவது என்ன?

மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக அங்கீகரித்தது. பழைய நாளிதழ்களில் வெளியான ஆட்டக் குறிப்புகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடித் தொகுத்திருந்தனர். அந்தப் புள்ளிவிவரங்கள் 2024 மே மாத இறுதியில் அதிகாரபூர்வ ஏட்டில் இணைக்கப்பட்டன.

பேஸ்பாலில் சராசரி என்பது, மட்டையாளரின் வாய்ப்புகளில் எத்தனை முறை அவர் வெற்றிகரமாக அடித்தார் என்ற விகிதம். கிப்சனின் வாழ்நாள் சராசரி 0.372 எனக் கணக்கிடப்பட்டது. அதாவது ஆயிரம் வாய்ப்புகளுக்கு 372 வெற்றிகள். இதன்மூலம் டை காப் நெடுங்காலம் தன்வசம் வைத்திருந்த 0.367 என்ற சாதனை பின்தள்ளப்பட்டது. ஒரே பருவத்திற்கான சராசரியிலும் 1943-இல் கிப்சன் எடுத்த 0.466, ஹியூ டஃபி 1894-இல் எடுத்த 0.440-ஐக் கடந்தது. அடியின் வலிமையை அளக்கும் 'ஸ்லக்கிங்' விகிதத்தில், 0.690 பெற்றிருந்த பேப் ரூத்தை 0.718 பெற்ற கிப்சன் முந்தினார்.

இந்த ஒப்பீட்டுக்கு எதிர்ப்பும் எழுந்தது. டை காப் 24 பருவங்களில் 11,400-க்கும் மேற்பட்ட வாய்ப்புகளில் ஆடியவர். கிப்சனின் கணக்கில் ஏறியுள்ளவை 2,300-க்கும் குறைவு. நீக்ரோ லீக் பருவங்களில் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், சராசரி உயர்வது எளிது என்பது விமர்சகர்களின் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் இத்தகைய தனித்தன்மை உண்டு. டஃபியின் சாதனைக்கு முந்தைய ஆண்டில்தான் பந்து வீசும் தூரம் அதிகரிக்கப்பட்டது. மட்டையாளர்கள் அதனால் பயனடைந்தனர். கொரோனா பரவலால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 பருவத்தின் சாதனைகளும் ஏட்டில் முழு மதிப்புடன் உள்ளன. கறுப்பினத்தின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களை காப், ரூத் ஆகியோர் லீக் ஆட்டங்களில் ஒருமுறையும் எதிர்கொள்ளவில்லை. கிப்சனின் ஆட்டங்கள் குறைவாகப் பதிவானதற்கு, அவரை வெளியே நிறுத்திய அமைப்பும் பொறுப்பு.

இன்னொரு எண்ணும் கவனிக்கத்தக்கது. புகழரங்கத்தில் உள்ள கிப்சனின் நினைவுப் பட்டயம், லீக் ஆட்டங்களையும் பிற ஆட்டங்களையும் சேர்த்து அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்ததாகக் குறிப்பிடுகிறது. அதிகாரபூர்வ ஏட்டில் உள்ளவை 200-க்கும் குறைவு. லீக் ஆட்டங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டதும், சான்றுள்ளவை மட்டுமே சேர்க்கப்பட்டதும் இந்த இடைவெளிக்குக் காரணம்.

திரையில் ஒரு களம்

வீடியோ கேமில் இந்தக் கால எல்லைகள் இல்லை. நீக்ரோ லீக் வீரர்களின் கதைகளை 'எம்எல்பி தி ஷோ' தொடர், கான்சாஸ் சிட்டியில் உள்ள நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகத்துடன் இணைந்து 2023-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு வெளியான பதிப்பில் கிப்சனின் கதை இடம்பெற்றது. அருங்காட்சியகத்தின் தலைவர் பாப் கெண்ட்ரிக் கதையை எடுத்துரைக்க, ஆடுபவர் கிப்சனாகவே களமிறங்கி அவருடைய வாழ்வின் முக்கியத் தருணங்களை ஆடலாம். விருப்பம்போல் அணி அமைக்கும் பிரிவில், வெவ்வேறு தலைமுறை வீரர்கள் ஒரே களத்தில் மோதலாம்.

வாழ்நாளில் மறுக்கப்பட்ட போட்டி திரையில் நடைபெறுவது இளைய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தும். ஆனால் அங்கு வீரருக்கு வழங்கப்படும் வலிமை, வேகம் போன்ற மதிப்பெண்கள் வடிவமைப்பாளர்களின் மதிப்பீடுகளே. ஏட்டில் உள்ள 0.372 அத்தகையது அன்று. அது உண்மையான ஆட்டங்களில் அடிக்கப்பட்டு, கறுப்பின மக்கள் நடத்திய நாளிதழ்களால் பாதுகாக்கப்பட்டு, ஆய்வாளர்களால் மீட்கப்பட்ட கணக்கு.

1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் பதிவுகளில் ஏறத்தாழ 75 சதவீதம் மட்டுமே இதுவரை கிடைத்துள்ளதாக, புள்ளிவிவரங்கள் இணைக்கப்பட்டபோது மதிப்பிடப்பட்டது. தேடல் தொடர்கிறது. புதிதாகக் கிடைக்கும் ஆட்டக் குறிப்புகளைப் பொறுத்து கிப்சனின் எண்கள் இனி உயரவும் கூடும், குறையவும் கூடும்.