சேமக்கலம் தந்த காஸ்டன் பிளான்டே

பேட்டரி என்ற சொல்லை அறியாத வீடு இன்று உண்டா? லாரி, டிராக்டர், இன்வர்ட்டர் என்று எங்கும் அது உழைக்கிறது. ஆனால் காரீயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து, வேண்டும்போது திரும்பப் பெறலாம் என்று முதன்முதலில் காட்டியவர் யார்? மின்துறையினர் உலகெங்கும் அறிந்த அந்தப் பெயர் காஸ்டன் பிளான்டே. அவர் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் கடற்கரையோர விடுதி ஒன்றில், விருந்தினரை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி ஓட்டுகிறார். கோல்ஃப் மைதானங்களில் ஓடும் அதே வகை வண்டிதான். 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, ஆக 48 வோல்ட். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, வண்டியைத் துணியால் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் வண்டி அசையவில்லை. சார்ஜரைச் செருகினாலும் ஏறவில்லை. சார்ஜ் போடாமலே விட்டுப் போய்விட்டார் என்று அவர்மேல் பழி விழுந்தது, சம்பளத்திலும் பிடித்தார்கள். ஏற்றிவைத்த கரண்ட் எங்கே போயிற்று என்று அவர் என்னைத்தான் கேட்டார். பத்தாம் வகுப்பில் இருந்த எனக்கு விடை தெரியவில்லை. படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததா என்று அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இனி பிளான்டேயிடம் வருவோம். 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள ஓர்த்தெஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தம்பி பிரான்சிஸ் பிளான்டே பியானோ இசையில் பெரும்புகழ் பெற்றவர். 1854-இல், அதாவது என் வயதில், காஸ்டன் பாரிசிலிருந்த கலை - தொழில் கல்விக்கூடத்தில் எட்மண்ட் பெக்கரெல் என்ற இயற்பியல் அறிஞருக்கு ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். கதிரியக்கத்தைக் கண்ட ஹென்றி பெக்கரெலின் தந்தையே இந்த எட்மண்ட். மறு ஆண்டு நடந்த ஒரு செய்தியை விலங்கியல் நண்பர்களுக்காகச் சொல்லவேண்டும். பாரிசை அடுத்த மியூடனில், மண்ணில் புதைந்து கல்லாகிப்போன ஒரு பெரும் பறவையின் கால் எலும்பை பிளான்டே கண்டெடுத்தார். பறக்க இயலாத அந்தப் பறவைக்கு அவர் பெயராலேயே காஸ்டார்னிஸ் என்று பெயர் சூட்டினார்கள்!

1859-இல் அவர் செய்துவந்த ஆராய்ச்சி வேறு. அமிலம் கலந்த நீரில் இரு உலோகத் தகடுகளை வைத்து மின்னோட்டம் செலுத்தி, பிறகு மூலத்தைத் துண்டித்துவிட்டால், சிறிது நேரம் எதிர்த் திசையில் ஒரு மின்னோட்டம் கிடைக்கும். இது முன்பே தெரிந்ததுதான். எந்த உலோகம் இதில் சிறந்தது என்று செம்பு, வெள்ளி, வெள்ளீயம், பொன், பிளாட்டினம் என ஒவ்வொன்றாக அவர் சோதித்தார். விலையுயர்ந்த பொன்னும் பிளாட்டினமும் தோற்றன; மலிவான காரீயம் வென்றது. இரண்டு காரீயத் தகடுகளை இடையில் முரட்டுத் துணி வைத்துப் பாய்போல் சுருட்டி, பத்தில் ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்த நீரில் அமிழ்த்தினார். சேமக்கலம் பிறந்தது. 1860-இல் ஒன்பது கலங்களை இணைத்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

ஆனால் அந்தக் கலத்தில் தங்கிய மின்சாரம் சொற்பம். வெறும் காரீயத்தின் மேல் மெல்லிய ஏடாகப் படியும் காரீய டை ஆக்சைடு எவ்வளவு தாங்கும்? இங்கேதான் அவருடைய பொறுமையைப் பார்க்கிறோம். மின்னேற்றுவார், இறக்குவார், திசையை மாற்றி மறுபடி ஏற்றுவார், பிறகு அப்படியே ஓய்வில் விட்டுவிடுவார். ஓய்வு முதலில் சில மணி நேரம், அப்புறம் நாட்கள், அப்புறம் வாரங்கள். ஒரு கலத்தைப் பக்குவப்படுத்த மாதக் கணக்கில் ஆயிற்று. அப்போது நல்ல டைனமோ கிடையாது; கிராம் தம் இயந்திரத்தை அறிவியல் கழகத்திற்குக் காட்டியதே 1871-இல்தான். புன்சன் கலங்களில் துத்தநாகத்தைக் கரைத்துக் கரைத்துத்தான் இத்தனையும் செய்தார்.

ஓய்வில் என்ன நடக்கிறது? 1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இருவர் இதை விளக்கினர். ஆக்சைடும் அதன் அடியிலுள்ள காரீயமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமிலத்தில் நிற்கின்றன. அதுவே குறுக்குச் சுற்றில் மாட்டிய ஒரு குட்டி மின்கலம்! வெளியே கம்பி இணைக்காமலே உள்ளுக்குள் வேலை நடந்து, இரண்டும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. சேமித்த மின்சாரம் தானாகவே இறங்கிவிடுகிறது. பிளான்டேவுக்கு இதில் ஆதாயம்: அடியிலிருந்த காரீயம் கொஞ்சம் அரிக்கப்பட்டுச் சல்பேட்டாயிற்று, மறுமுறை மின்னேற்றும்போது அதுவும் ஆக்சைடாகும், ஏடு தடித்து, கொள்ளளவு பெருகும். நட்டத்தையே தகட்டிற்கு உரமாக்கிக்கொண்டார் அவர். ஆனால் ஒவ்வோர் ஓய்வுக்குப் பின்னும் தவறாமல் மின்னேற்றினார் என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் வண்டிக்கு அந்த மறு மின்னேற்றம் கிடைக்கவில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இருமடங்காகும். எங்கள் ஊர் வெயிலோ சொல்லவேண்டியதில்லை. சல்பேட் பொடியாக இருக்கும்வரை சார்ஜ் ஏறும். மாதக் கணக்கில் கிடந்து பெரிய படிகமாக இறுகிவிட்டால் ஏறாது.

1860-இல் பிளான்டே பாலிடெக்னிக் சங்கத்தில் இயற்பியல் பேராசிரியரானார். தொழிலாளருக்குக் கட்டணமின்றிப் பாடம் நடத்திய சங்கம் அது. பிற்காலத்தில் 800 கலங்களை இணைத்து, மின்னலையும் துருவ ஒளியையும் ஆய்வுக்கூடத்திலேயே போலச்செய்து பார்த்தார். 1879-இல் தம் ஆராய்ச்சிகளை நூலாக்கினார். 1881-இல் கமீல் ஃபோர், காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். மாதக் கணக்கான காத்திருப்புக்குத் தேவை குறைந்தது. அதே ஆண்டில் குஸ்தாவ் த்ரூவே சேமக்கலத்தால் ஓடும் மூன்று சக்கர வண்டியைப் பாரிஸ் தெருவில் ஓட்டினார். இன்றைய பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் அது பாட்டன். பிளான்டே அதையெல்லாம் பார்த்துவிட்டு, 1889 மே 21 அன்று, 55 வயதில் மறைந்தார். தம்பி பிரான்சிஸ் 1934 வரை வாழ்ந்தார்.

சென்ற விடுமுறையில் இவ்வளவையும் தந்தையாரிடம் தாளில் படம் போட்டுச் சொன்னேன். குட்டி மின்கலம் என்ற இடத்தில் மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிடித்த பணம் திரும்ப வரவில்லை. இப்போது வண்டி நிற்க நேர்ந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறார். ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் மேலாளரின் கையெழுத்தையும் வாங்கிவிடுகிறார்.