ஒரு பாப்பரசரின் நோட்டுப் புத்தகங்கள்

வட இத்தாலியில் பெர்காமோ நகருக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது பிழைத்த ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில், 1881-ம் ஆண்டு நவம்பர் 25-ம் நாள் ஆஞ்சலோ ரொன்கல்லி பிறந்தார். பெரிய குடும்பம். இவர் நான்காவது பிள்ளை, ஆண்மக்களில் மூத்தவர். பிற்காலத்தில் பாப்பரசர் 23-ம் அருளப்பர் என்று உலகம் அன்போடு அழைத்தது இவரைத்தான்.

சிறு வயதிலேயே பெர்காமோ குருமடத்தில் சேர்ந்தார். 1895-ம் ஆண்டு, நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயதில், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அன்றாடம் அனுசரிக்க வேண்டிய ஒழுங்குகளைத் தம் கைப்பட எழுதி வைத்தார். பின்னர் தம் உள்ளத்தில் நடப்பதையும் எழுதலானார். அந்த வழக்கம் ஏறத்தாழ சாகுமட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

அப்படி என்னதான் எழுதினார்? ஊர்ச் செய்தியும் உண்ட உணவும் அல்ல. ஜெப வேளையில் தூங்கி வழிந்தது, அடுப்படியில் உட்கார்ந்து அளவுக்கு மீறிப் பேசியது, எல்லாம் தெரிந்தவரைப் போல நடந்துகொண்டது: இவைதாம் அந்தப் பக்கங்களில் நிறைந்திருக்கின்றன. இத்தனை சின்ன விஷயங்களை எழுதுவானேன் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் 1898-ம் ஆண்டு விடுமுறையில் எழுதிய ஒன்று நம்மை நிறுத்தி வைக்கிறது. தாயார் மரியான்னா ஏதோ ஒரு விஷயத்தை அறிய விரும்பியபோது, பதினாறு வயது மகன் வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டார். தாயின் மனம் மிகவும் புண்பட்டது; அவரும் கடுமையாகப் பேசினார். அன்னையின் துயரம் தம் நெஞ்சைப் பிளந்ததையும், தாம் இன்னும் மென்மையாகப் பேசியிருக்கலாம் என்பதையும் ஆஞ்சலோ ஒளிக்காமல் எழுதினார். வீட்டில் தாயிடம் எரிந்து விழாத பெண் நம்மில் யார்? அதை நோட்டில் எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர்?

நாட்குறிப்பு எழுதுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தன் குறைகளையே எண்ணி எண்ணி மனம் சோர்ந்துவிடும். ஆஞ்சலோவுக்கும் அது நேர்ந்தது. புனித ஞானப்பிரகாசியாரைப் போலவே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு செயலையும் அவருடைய செயலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தோற்றுப்போனார். 1903-ம் ஆண்டு ஜனவரியில், ரோமாபுரியில் படிக்கும்போது, இந்த வழி தவறு என்று கண்டுகொண்டார். புனிதர்களின் புண்ணியத்தில் உள்ள சாரத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தம் சுபாவத்துக்கும் நிலைமைக்கும் ஏற்ப வாழவேண்டும். ஒருவரை அச்சாகப் பார்த்து எழுதிய வறண்ட நகலாகத் தாம் இருக்கலாகாது என்று குறித்தார். பல ஆண்டுகள் விடாமல் எழுதியிராவிட்டால் இத்தெளிவு அத்தனை சீக்கிரம் கிட்டியிருக்காது என்றே எண்ணுகிறேன்.

1904-ல் குருப்பட்டம் பெற்றார். முதல் உலகப்போரில் மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிசெய்தார். 1925-ல் மேற்றிராணியாராகி, பாப்பரசரின் பிரதிநிதியாகப் பல்கேரியா சென்றார். அங்கே கத்தோலிக்கர் வெகு சிலரே. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். தமக்கு வந்த துன்பங்கள் அந்நாட்டு மக்களால் அல்ல, திருச்சபையின் தலைமை அலுவலகங்களாலேயே வந்தன என்று 1926-ம் ஆண்டு தியானத்தின்போது நோட்டில் எழுதினார். வெளியே யாரையும் குறைகூறி அலையவில்லை. கசப்பை ஆண்டவர் முன்னிலையில் தாளில் இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

பிறகு துருக்கி, கிரேக்க நாடு, பாரிஸ், வெனிஸ். 1958-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் நாள், 77 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். வயோதிகர், சில காலம் இருந்துவிட்டுப் போவார் என்றே பலரும் நினைத்தார்கள். அவரோ மூன்று மாதத்துக்குள் பொதுச்சங்கத்தை அறிவித்தார். 1962 அக்டோபர் 11-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. தம்மை இடைக்காலப் பாப்பரசர் என்று மற்றவர்கள் எண்ணியதையும், இப்போது தம் முன் எவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்பதையும் 1961-ல் நோட்டில் எழுதியிருக்கிறார். உலக சமாதானம் பற்றிய சுற்றுமடலை 1963 ஏப்ரலில் வெளியிட்டார். அப்போதே வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. ஜூன் 3-ம் நாள் மரித்தார். 2014-ம் ஆண்டு ஏப்ரல் 27-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அந்த நோட்டுகளை வெளியிட அவர் தம் காரியதரிசி லோரிஸ் கபோவில்லாவுக்கு அனுமதி தந்திருந்தார். 1964-ல், ஓர் ஆன்மாவின் நாட்குறிப்பு என்ற பொருள்படும் பெயரில் அவை இத்தாலிய மொழியில் வெளிவந்தன. கிழவராகிப் பாப்பரசரான பின்னும் சிறுவயதுப் பக்கங்களை அவர் கிழித்தெறியவில்லை. தாயிடம் வெடுக்கென்று பேசியதும் அதில் அப்படியே இருக்கிறது.