சொல் தொலைந்தாலும்
பேராசிரியர் அலெக்சாண்டர் லூரியா (1902 – 1977)

பாரிசவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் நம்மில் பலரது குடும்பங்களில் இருந்திருப்பார். அம்மம்மாவாகவோ பெரியப்பாவாகவோ, நமக்குப் படிப்பித்த ஆசிரியையாகவோ இருக்கலாம். பேச்சோடு அறிவும் போய்விட்டதென எண்ணி, அவரை வைத்துக்கொண்டே அவரைப்பற்றிக் கதைத்திருப்போம். அந்த எண்ணம் தவறென்பதைத் தம் உழைப்பால் காட்டிய ஒருவரை இம்மலரில் நினைவுகூருகிறோம்.

லூரியா ரஷ்யாவின் கசான் நகரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். உளவியலாளராகப் பெயர்பெற்ற பின்னரும் மீண்டும் மாணவராகி, 1937இல் மொஸ்கோவில் வைத்தியப் படிப்பை நிறைவுசெய்தார்.

1941இல் யுத்தம் மூண்டபோது, யூரல் மலைப்பகுதியில் 400 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையொன்றை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தலையில் காயம்பட்ட போர்வீரர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். சிலருக்குத் தெரிந்த பொருளின் பெயர் வாயில் வரவில்லை. சிலருக்குத் தாய்மொழியே அந்நிய மொழிபோல் ஒலித்தது. சிலருக்குச் சொற்கள் இருந்தும் வசனமாகக் கோக்க முடியவில்லை. அஃபேசியா என்னும் இக்குறைபாடு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை லூரியா கண்டார். எந்தப் படி உடைந்தது, எது எஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரிடமும் பொறுமையாகத் தேடினார். உடைந்த பாதையை விட்டு வேறு பாதை அமைப்பதே அவரது முறை. வசனம் அமைக்க இயலாதவரின் முன் சில வெற்றுக் கடதாசித் துண்டுகளை வரிசையாக வைப்பார்கள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வசனத்தைச் சொல்லி முடிப்பார்.

அவரிடம் வந்தவர்களுள் சசெட்ஸ்கி என்ற இளைஞர் மறக்க முடியாதவர். 1943இல் மூளையில் குண்டு பாய்ந்ததால் எழுத்துகளையே மறந்தவர். எழுத்தெழுத்தாக எழுத முயன்று தோற்றார். ஒருநாள், யோசியாமல், கையை எடுக்காமல் முழுச் சொல்லையும் எழுதும்படி கூறப்பட்டது. எழுதினார்! சிறுவயதில் பழகிய கை மறக்கவில்லை. எழுதியதை வாசிப்பது அவருக்குப் பெரும்பாடாயிருந்தும் கால் நூற்றாண்டாக எழுதி, ஏறத்தாழ 3,000 பக்கங்களை நிரப்பினார். அவ்வெழுத்துகளைத் தம் விளக்கங்களுடன் லூரியா 1971இல் நூலாக்கினார். நோயாளியே பேசும் நூல் அது.

லூரியாவின் வாழ்வும் இலகுவானதாக இருக்கவில்லை. அக்கால அரசியல் நெருக்கடியில், நரம்பியல் சத்திரசிகிச்சை நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அக்காலத்தில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காகப் பணியாற்றினார். 1950களின் பிற்பகுதியில் மீண்டும் தம் ஆய்வுக்குத் திரும்பினார். 1977 ஆகஸ்ட் 14இல் மொஸ்கோவில் காலமானார்.

முதலாம் வகுப்பில் நம் கைபிடித்து எழுதப் பழக்கிய ஆசிரியைகளை இவ்வேளையில் நினைக்கிறோம். அன்று நாம் ஓர் எழுத்தை எழுதி முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். சொல்லைத் தேடித் தவிக்கும் ஒருவர் இன்று நம் வீட்டில் இருந்தால், அவரது வசனத்தை நாம் அவசரப்பட்டு முடிக்காமல் அதேபோல் காத்திருப்போம்.