நம்ம வீட்டு முருகனை வரைந்தவர்

ஓம் சரவணபவ! பழைய காலண்டர் முருகனோட முகம் ஞாபகம் இருக்கா? அந்த வகைப் படங்களுக்கு முன்னோடி, ஓவியர் சி. கொண்டையராஜு.

1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் மனித முகத்தை ஒளி, நிழலோடு தத்ரூபமா வரையக் கத்துக்கிட்டார். பிறகு திருவண்ணாமலை ரமணாசிரம வாழ்க்கை. அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தார். கம்பெனி கலைந்ததும், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார்.

சீடர்களோடு அவர் வரைந்த சாமி படங்கள் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராப் போச்சு. மனுஷ முகத்துக்குக் கத்துக்கிட்ட வித்தைதான் முருகனுக்கும் உயிர் கொடுத்தது. திருச்செந்தூர் போகக் காசில்லாத வீட்டுலயும் கந்தன் சுவத்துல வந்து நின்னான்.

1976-ல் மறைந்தார். படம் தெரிஞ்ச நமக்கு அவர் பேர் தெரியல. வீட்டுல பழைய படம் இருந்தா தூக்கிப் போடாதீங்க. ஓரத்துல கையெழுத்து இருக்கான்னு பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!