நூலகத்தின் பூட்டைத் திறந்தவர் – எஸ். ஆர். இரங்கநாதன்



ஒக்டோபர் மாதம் பிறந்தால் உங்கள் பாடசாலையில் வாசிப்பு மாதம் தொடங்கிவிடும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புத்தகக் கண்காட்சி என்று பாடசாலை கலகலப்பாக இருக்கும். அதை அடுத்து வரும் பரீட்சைகளில் வாசிப்பின் பயன், நான் மதிக்கும் பெரியார் போன்ற தலைப்புகளில் கட்டுரை எழுதும்படி கேட்பார்கள். பெரும்பாலான மாணவர்கள் எப்போதும் எழுதும் நான்கைந்து பெயர்களையே எழுதி விடுகின்றனர். வாசிப்பைப் பற்றிய கட்டுரையில் நூலகத்துக்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! அத்தகைய ஒருவரின் வரலாற்றையே இங்கு தருகிறேன். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். விளங்கி வாசித்து உங்கள் சொந்த நடையில் எழுதப் பழகுங்கள்.

சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன் என்பதே அவரது முழுப்பெயர். எஸ். ஆர். இரங்கநாதன் என்று உலகம் அவரை அறியும். தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில் அன்றிருந்த சீர்காழி என்னும் ஊரில் 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவர் பிறந்தார். நம்மைப் போலவே நெல் வயல் சூழ்ந்த ஊர்க்காரர். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தந்தை காலமாகி விட்டார். அதன் பின்னர் அவரை வளர்த்து ஆளாக்கிய உறவினருள் அவரது பாட்டனாரும் ஒருவர். அப்பாட்டனார் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்.

சிறுவயதில் இரங்கநாதனுக்குப் பேசும்போது நாக்குத் தடுமாறும். திக்குவாய் என்று சொல்வோமே, அதுதான். உடலும் பலவீனமானது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வது அப்படிப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுள் சிலருக்குத் தெரியும். ஆயினும் சீர்காழியில் பாடசாலைப் படிப்பை முடித்துக்கொண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913இல் கணிதத்தில் பீ.ஏ. பட்டமும் 1916இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே எட்வர்ட் றொஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு வாய்த்தார். இப்பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னர் மீண்டும் வருவார். ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டு 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களில் அரசாங்கக் கல்லூரிகளில் இரங்கநாதன் கணிதம் கற்பித்தார். திக்குவாயோடு போராடிய அந்தப் பையன், நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார்.

இனித்தான் கதையின் முக்கியமான திருப்பம் வருகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் தனது நூலகத்துக்கு முதலாவது நூலகரைத் தேடியது. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். இரங்கநாதனுக்கு நூலகத்தில் வேலை செய்யும் ஆசை சிறிதும் இருக்கவில்லை. சம்பளம் கூடுதலாக இருந்தது, நண்பர்களும் வற்புறுத்தினர், அதனால் விண்ணப்பித்தார். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் கடமையை ஏற்றார். சில நாட்களுக்குள்ளேயே அவருக்கு அந்த வேலை வெறுத்துப் போயிற்று. ஏன் தெரியுமா? நூலகத்தில் நூல்கள் இருந்தன, வாசகர்களைத்தான் காணவில்லை. நாள் முழுவதும் மாணவர்களோடு பேசிப் பழகிய மனிதர், அமைதியான ஓர் அறைக்குள் நேரத்தைத் தள்ள முடியாமல் தவித்தார். தன்னைப் பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடும்படி போய்க் கேட்டார். இலண்டனுக்குச் சென்று நூலகத் துறையில் பயிற்சி பெற்று வரும்படியும், அதன் பின்னரும் பிடிக்காவிட்டால் கற்பித்தலுக்குத் திரும்பலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது.

அவ்வாண்டே இலண்டன் சென்றார். யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகர் பயிற்சிக் கூடத்தில் பேர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார். இங்கிலாந்தில் பல நூலகங்களை நேரிலே போய்ப் பார்த்தார். அங்கு அவர் கண்ட காட்சி அவரைச் சிந்திக்க வைத்தது. தொழிலாளர்களும் பெண்களும் சிறுவர்களும் நூலகத்துக்கு வந்து, தாங்களே இறாக்கையிலிருந்து நூலை எடுத்துப் புரட்டிப் பார்த்து, வீட்டுக்கும் கொண்டு போனார்கள். சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் இருந்தன. தன் நாட்டில் நூலகம் ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்பதற்கான காரணம் அவருக்கு அங்கேதான் விளங்கியது. கற்பித்தலுக்குத் திரும்பும் எண்ணம் அத்தோடு அவரை விட்டுப் போயிற்று.

இலண்டனில் இன்னொரு சம்பவமும் நிகழ்ந்தது. ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானை அவர் பார்த்தார். துளையிட்ட சிறிய உலோகத் துண்டுகளையும் ஆணிகளையும் கொண்டு வேண்டியவாறு பூட்டலாம். அதே துண்டுகளால் பாலமும் செய்யலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். நூல்களை வகைப்படுத்தும் முறையும் இப்படி ஏன் இருக்கக்கூடாது என்று அவர் எண்ணினார். உங்கள் பாடசாலை நூலகத்தில் நூலின் முதுகில் 500, 900 என்று இலக்கங்கள் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கும். இரங்கநாதனோ ஒரு நூலின் பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளுக்குரிய குறியீடுகளை முக்காற்புள்ளியால் இணைத்து இலக்கம் ஆக்கினார். நெற்செய்கையில் பூச்சி நோய் பற்றி ஒரு நூல் வந்தால், நெல் ஒரு துண்டு, நோய் இன்னொரு துண்டு. இரண்டையும் பூட்டிவிட்டால் சரி. இதுவே 1933இல் நூலாக வெளிவந்த கோலன் பகுப்பு முறை. நமது பாடசாலைகளில் இது பயன்படுவதில்லை. ஆனால் உலகெங்கும் நூற்பகுப்புப் பற்றிச் சிந்தித்தவர்களை இது மாற்றியது.

1925இல் சென்னைக்குத் திரும்பியவர் முதலில் செய்த வேலை, மூடிக் கிடந்ததைத் திறந்தது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வாசகர்கள் இறாக்கைகளுக்கிடையே தாங்களே நடந்து நூல்களைத் தேட வழி செய்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நூலகத்தில் பணியாற்றினார். லீவு எடுப்பது அவருக்குத் தெரியாது. தனது திருமண நாளன்று கூடப் பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். (இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.)

1928ஆம் ஆண்டு அவருக்குச் சோதனையான ஆண்டு. அவ்வாண்டில் அவரது மனைவி ருக்மணி விபத்தொன்றில் உயிரிழந்தார். அவர் பெரும் புகழ் பெறக் காரணமான சிந்தனை உருவானதும் அதே ஆண்டில்தான். நூலகப் பணிகள் அனைத்துக்கும் அடிப்படையான சில விதிகள் இருக்க வேண்டும் என்று கணித ஆசிரியரான அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எத்தனை முயன்றும் அவை பிடிபடவில்லை. ஒருநாள் பேராசிரியர் றொஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, முதலாவது விதி எது என்பதை அவர் ஒரே வசனத்தில் சுட்டிக் காட்டினார். மற்ற நான்கும் இரங்கநாதனின் மனதில் தாமாகவே வந்து வரிசையாக நின்றன. 1931இல் அவை நூலாக வெளிவந்தன. நூலகவியலின் ஐந்து விதிகள் எனப்படுபவை இவையே.

இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதலாவது விதி, நூல் இருப்பது பயன்படுத்துவதற்காகவே என்கிறது. இது யாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தனர். கையால் எழுதிய பிரதிகள் அருமையானவை, களவு போய்விடும் என்ற பயம். அச்சு வந்து நூல்கள் பெருகிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. நம் பகுதியில் ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் நான் கண்ட அலுமாரியில் படக்கதை நூல்கள் நிறைய இருந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைப் படங்களைப் பார்க்கலாம். திறப்போ அலுவலகத்தில் இருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் புத்தகம் கிழியத்தான் செய்யும். பூட்டிய அலுமாரிக்குள் இருந்தால் அது கிழியாது, கறையான்தான் தின்னும். சங்கிலி போய்ப் பூட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது விதியின் கருத்து, எந்த வாசகராயினும் அவருக்கென ஒரு நூல் இருக்க வேண்டும் என்பது. படித்தவருக்கு மட்டும் நூலகம் உரியதல்ல. எழுத்துக்கூட்டி வாசிக்கும் தரம் 2 பிள்ளைக்கும், மீன்பிடித் தோணி பற்றி அறிய விரும்பும் பையனுக்கும், கண் பார்வை குறைந்தவருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும். மூன்றாவது விதி இதையே மறுபுறமாகத் திருப்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் காத்திருக்கிறார், அவரை அந்த நூல் சென்றடைய வேண்டும். வகுப்பறையின் வாசிப்பு மூலையில் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி நூல்களைத் தொங்கவிடும் ஆசிரியை இவ்விதியைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் செய்வது அதைத்தான். நான்காவது விதி வாசகரின் நேரத்தை வீணாக்காதிருக்கச் சொல்கிறது. பட்டியலும் ஒழுங்கான அடுக்கும் அதற்காகவே. ஐந்தாவது விதிப்படி நூலகம் என்பது ஓர் உயிரினத்தைப் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. பத்து வருடங்களுக்கு முன் யாரோ அன்பளிப்புச் செய்த நூல்களோடு நின்றுவிட்ட நூலகத்தை இவ்விதியின்படி என்னவென்று சொல்வது? நீங்களே யோசியுங்கள்.

மூன்றாவது விதிக்கு ஓர் அழகான உதாரணம் அதே 1931இல் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டு வண்டிலொன்றை நூலகமாக அமைத்தார். நூல்களை ஏற்றிய அந்த வண்டில் கிராமம் கிராமமாகச் சென்றது. வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போயிற்று. இரங்கநாதனும் 1928இல் தொடங்கப்பட்ட சென்னை நூலகச் சங்கமும் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமாக இருந்தன. கோமாரியிலிருந்தோ பாணமையிலிருந்தோ பொத்துவிலுக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அந்த வண்டிலின் அருமை நன்றாக விளங்கும்.

1942இல் பாடசாலை, கல்லூரி நூலகங்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் டில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று பணியாற்றினார். நூலகம் நல்ல மனம் படைத்தவர்களின் தயவில் இருக்கக் கூடாது, சட்டத்தால் காக்கப்பட வேண்டும் என்பது அவரது நீண்ட நாள் கருத்து. 1930இலேயே மாதிரிச் சட்டமொன்றை எழுதி முன்வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948இல், சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு ஒரு சிறு தொகை நூலக வரியாகச் சேர்ந்தது. ஊர் நூலகத்துக்கு நிலையான பணம் அவ்வாறு கிடைத்தது.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. பரீட்சைக் கட்டுரையில் இதைச் சேர்த்தால் கட்டுரை சிறக்கும். யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா என்பவர் 1930களில் தொடங்கிய சிறு வாசிகசாலை, 1950களில் பெரிய பொது நூலகமாக வளர்ந்தபோது, அதைச் சர்வதேசத் தரத்தில் அமைக்க ஆலோசகராக இருந்தவர் இரங்கநாதனே. புதிய கட்டடம் 1959இல் திறந்து வைக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதியும் திறக்கப்பட்டது. அந்த நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கித் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் அது மீளக் கட்டப்பட்டு, இன்று மீண்டும் வாசகர்களால் நிறைந்திருக்கிறது. எரிந்த செய்தியைக் கேட்க இரங்கநாதன் உயிரோடு இருக்கவில்லை.

1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ விருது வழங்கியது. தனது சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். அதற்குத் தன் பெயரை மட்டும் இடவில்லை. தான் பின்னர் மணந்த சாரதாவின் பெயரையும் சேர்த்தே இட்டார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்கல் பயிற்சி, ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, கடைசிவரை அங்கு கற்பித்து வந்தார். ஆசிரியராக இருக்கவே ஆசைப்பட்டவருக்கு முதுமையிலும் மாணவர்கள் சூழ இருக்கக் கிடைத்தது. 1972 செப்டெம்பர் 27ஆம் திகதி, எண்பதாவது வயதில், பெங்களூரில் காலமானார். அவரது பிறந்த தினமாகக் கொள்ளப்படும் ஓகஸ்ட் 12ஆம் திகதி இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவர்களே, இவ்வரலாற்றைப் பரீட்சையில் எழுதும்போது எல்லா ஆண்டுகளையும் எழுத வேண்டுமென்பதில்லை. 1892, 1924, 1931, 1948, 1972 ஆகியன போதும். ஐந்து விதிகளையும் வெறுமனே அடுக்கி எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் உங்கள் பாடசாலை நூலகத்திலிருந்து ஓர் உதாரணம் கொடுங்கள். அதற்கு முதலில் நீங்கள் நூலகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கதவு பூட்டியிருந்தால், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.