யூஜீன் எஸ்மண்டு: ஆறு விமானங்களின் தலைவர்

தோல்வியில் முடிந்த ஒரு தாக்குதலுக்காக ஒரு நாடு தன் மிக உயர்ந்த வீர விருதை வழங்குமோ? 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் நண்பகலில் ஆங்கிலக் கால்வாயின்மீது பறந்து சென்ற ஆறு கடற்படை விமானங்களுள் ஒன்றேனும் திரும்பவில்லை. அவை கொண்டு சென்ற டார்பீடோக்களுள் ஒன்றேனும் பகைவர் கப்பலைத் தீண்டவில்லை. எனினும் அவற்றின் தலைவராய்ச் சென்று மாண்ட யூஜீன் எஸ்மண்டு என்பார்க்குப் பிரிட்டன் விக்டோரியா கிராஸ் அளித்துச் சிறப்பித்தது. போரில் பட்ட மறவனுக்கு நடுகல் எடுத்த மரபினராகிய நமக்கு இது பெருவியப்பன்று. ஆயினும் அவருடைய வரலாற்றை அறிந்தாலன்றி அவ்விருதின் பொருள் முற்றும் விளங்காது.

எஸ்மண்டு 1909-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தார். தந்தையார் அங்கு மருத்துவத் தொழில் புரிந்து வந்தார். குடும்பமோ அயர்லாந்தின் டிப்பரேரிப் பகுதியைச் சேர்ந்த பழங்குடும்பம். ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1798-இல் எழுந்த ஐரிஷ் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தூக்கிலிடப்பெற்ற மருத்துவர் ஜான் எஸ்மண்டு இக்குடியினரே. 1855-இல் கிரிமியப் போரில் காட்டிய தீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்ற தாமஸ் எஸ்மண்டும் இக்குடியினரே. ஒரே குடியில் தூக்குக் கயிறும் பதக்கமும்! அந்நியர் ஆட்சியில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இம்முரண் புதிதாயிராது.

தந்தையார் ஐரிஷ் கட்சியின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினராயிருந்து 1915-இல் காலமானார். அப்பொழுது யூஜீனுக்கு வயது ஆறு. இளமையில் கத்தோலிக்கத் துறவியாகிச் சமயத் தொண்டு புரிய எண்ணி அதற்கான கல்வியும் பயின்றார். பின்னர் மனம் மாறி, 1928-ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில விமானப் படையில் சேர்ந்தார். கப்பல்களிலிருந்து பறக்கும் விமானங்களும் அந்நாளில் விமானப் படையின் பொறுப்பிலேயே இருந்தமையால், கடல்மீது பறக்கும் பயிற்சியும் அவருக்கு வாய்த்தது.

1934-இல் படையை விட்டு நீங்கி இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தில் விமானியாய் அமர்ந்தார். தபால் சுமந்து இந்தியா வரையிலும் அதற்கப்பாலும் பறந்தவருள் அவரும் ஒருவர். பர்மாவில் ஐராவதி நதியில் விமானம் வீழ்ந்த விபத்தொன்றில் உயிர் தப்பினார். ஊரை விட்டு வந்து, ஊர்க் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்நோக்கி வாசலில் நின்று பழகிய நம்மனோர்க்கு, இவர் வாழ்வில் இப்பகுதியே நெருக்கமாகத் தோன்றக்கூடும். பிறகு பெரிய நீர்விமானங்களையும் ஓட்டினார். 1939-இல் கடற்படை தன் விமானப் பிரிவைத் தானே ஏற்றுக்கொண்டபோது, தேர்ந்த விமானிகளை அழைத்தது. எஸ்மண்டு லெப்டினன்ட் கமாண்டர் பதவியுடன் திரும்பினார். 1940-இல் 825-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவரானார்.

அப்படையின் விமானமாகிய ஸ்வோர்ட்ஃபிஷ் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை இறக்கை. துணி போர்த்த உடல். மேலே கூரையில்லாத இருக்கைகளில் மூவர். டார்பீடோ என்பது நீரினுள்ளே தானே ஓடிச் சென்று கப்பலின் அடிப்புறத்தில் மோதி வெடிப்பது. ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள அதனை வயிற்றில் கட்டிக்கொண்டால், இவ்விமானம் மணிக்குச் சுமார் 100 மைல் வேகமே செல்லும். டார்பீடோவை எறியுமுன் அலைகளுக்குச் சற்று மேலே இறங்கி, வளையாமல் திரும்பாமல், கப்பலை நோக்கி நேரே பறந்தாக வேண்டும். பீரங்கிக்காரனுக்கு இதனினும் எளிய குறி வேறில்லை.

1941 மே 24-ஆம் நாள் காலையில் ஜெர்மானியரின் பிஸ்மார்க் என்னும் பெரும்போர்க்கப்பல், ஆங்கிலேயரின் ஹூட் கப்பலை மூழ்கடித்தது. அன்றிரவே விக்டோரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒன்பது ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களை எஸ்மண்டு நடத்திச் சென்றார். விமானிகளுட் பலர் அனுபவம் குன்றியவர். மழையும் எதிர்க்காற்றும் வேறு. ஒரு டார்பீடோ பிஸ்மார்க்கின் பக்கத்தில் வெடித்தது. அதனால் விளைந்த சேதம் சிறிதே. ஆனால் ஒன்பது விமானங்களும் இருளிலே தம் கப்பலைத் தேடிக் கண்டு இறங்கின. என் கருத்தில் அதுவே அவ்விரவின் பெருஞ்செயல். இதற்காக எஸ்மண்டுக்கு டி. எஸ். ஓ. விருது அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் அவரிருந்த ஆர்க் ராயல் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. அப்போது ஆற்றிய பணிக்காகப் போர் அறிக்கையில் அவர் பெயர் குறிக்கப்பெற்றது.

1942 பிப்ரவரி 11-ஆம் நாள் மன்னர் கையால் டி. எஸ். ஓ. பதக்கத்தைப் பெற்றார். அன்றிரவே பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ், பிரின்ஸ் ஆய்கன் ஆகிய மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஒளிந்து புறப்பட்டன. (ஆய்கன் என்பது யூஜீன் என்பதன் ஜெர்மன் வடிவமே, விதியின் விளையாட்டுப் போலும்!) அவை இரவில்தான் டோவர் நீரிணையைக் கடக்கும் என்று ஆங்கிலேயர் எண்ணியிருந்தனர். இருளில் தாக்குவதற்கென்றே எஸ்மண்டு ஆறு விமானங்களுடன் கென்ட் மாவட்டத்து மான்ஸ்டன் தளத்தில் காத்திருந்தார். கப்பல்களோ பட்டப்பகலில் வந்தன. கண்டுகொண்டபோது நேரம் கடந்துவிட்டது.

காவலுக்கு ஐந்து ஸ்குவாட்ரன் போர் விமானங்கள் வரும் என்று வாக்களிக்கப்பெற்றது. குறித்த நேரத்தில் வந்தவை பத்து ஸ்பிட்ஃபயர்களே. மேலும் காத்திருந்தால் கப்பல்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். காத்திராது சென்றால் தாமும் உடன்வரும் பதினேழு பேரும் மீள்வது அரிது. எஸ்மண்டு வானில் சிறிதே வட்டமிட்டுப் பார்த்தார்; பின்னர்க் கடலை நோக்கித் திரும்பினார். அம்முடிவு சரியா என்று இன்றும் வாதிப்பவருண்டு. பகலில் அவ்விமானங்களை அனுப்பிய மேலிடத்தைக் குறை கூறலாம். ஏனையோர் பிந்திய வேளையில் தாமும் பிந்தாதவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மன் போர் விமானங்கள் திரள்திரளாய்ச் சூழ்ந்தன. கப்பல்களின் குண்டுமாரிக்கிடையே, இடப்புற இறக்கை சிதைந்த நிலையிலும் எஸ்மண்டு நேரே பறந்தார். சற்றைக்கெல்லாம் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கடலில் மறைந்தார். விமானத்தில் தீப்பற்றியபோது அவருடன் சென்ற துப்பாக்கி வீரர் கிளின்டன் வெளியே ஏறி அமர்ந்து வெறுங்கையால் அணைக்க முயன்றதைக் கண்டவர் உளர். பின்வந்த மூன்று விமானங்களில் சென்றவர் ஒருவரும் மீளவில்லை. பதினெண்மருள் பதின்மூவர் மாண்டனர். ஐவர் கடலிலிருந்து மீட்கப்பெற்றனர். ஜெர்மன் கப்பல்கள் மேற்சென்று, கண்ணிவெடிகளால் சேதமுற்றுத் தம் நாட்டை அடைந்தன.

உயிர்தப்பிய அதிகாரிகள் நால்வர் டி. எஸ். ஓ. விருதும், துப்பாக்கி வீரர் பன்ஸ் வீரப் பதக்கமும் பெற்றனர். இறந்தோர்க்கு அந்நாளைய விதிப்படி இரண்டே வழி: விக்டோரியா கிராஸ், அன்றேல் போர் அறிக்கையில் பெயர். இடைப்பட்ட விருதெதுவும் மாண்டவர்க்கு அளிக்கப்படாது. எனவே எஸ்மண்டுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. உடன் மாண்ட பன்னிருவர்க்கு அறிக்கையில் ஒரு வரி. அதே வானில் அதே தீயினூடே சென்ற கிளின்டனுக்கும் அவ்வளவே. இவ்விதி பிற்காலத்தில், 1979-இல் மாற்றப்பட்டது.

மார்ச்சு 17-ஆம் நாள் எஸ்மண்டின் அன்னையார் அரண்மனைக்குச் சென்று மகனுடைய விக்டோரியா கிராஸ் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். அன்றுவரை உடல் கிட்டவில்லை. ஏப்ரல் மாத இறுதியில் தேம்ஸ் நதியின் கழிமுகத்தருகே அதனைக் கண்டெடுத்து, கில்லிங்ஹாம் நகரின் உட்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர்.