கத்தரிக்கோல் படைத்த காவியம்

கைவேலை வகுப்பு முடிந்ததும் தரையில் சிதறிக் கிடக்கும் தாள் துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போடுகிறோம். அதே தாளையும் கத்தரிக்கோலையும் கொண்டு திரைப்பட உலகில் அழியாப் புகழ் பெற்றார் ஒரு பெண்மணி. அவரே லோட்டே ரைனிகர் அம்மையார்.

இவர் 1899ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். சிறுமியாயிருந்தபோதே கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டி, வீட்டாருக்கு நிழலாட்டம் நடத்திக் காட்டினார். பால் வேகனர் என்னும் நடிகர் இவரது திறமையைக் கண்டு திரைப்படத் துறைக்கு வழிகாட்டினார். 1919இல் இவரது முதல் குறும்படம் வெளிவந்தது. 1921இல் கார்ல் கோக் என்பவரை மணந்தார். கணவர் படப்பிடிப்பில் உற்ற துணையானார்.

இவரது வேலை முறை வியப்பூட்டுவது. தலை, கை, கால் என ஒவ்வோர் உறுப்பையும் அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் தனித்தனியே வெட்டி, கம்பியால் இணைப்பார். கீழிருந்து ஒளி பாயும் கண்ணாடி மேசைமேல் அவ்வுருவைக் கிடத்துவார். மேலேயுள்ள காமிரா ஒரு படம் எடுக்கும். பிறகு கையைச் சிறிது நகர்த்துவார். மீண்டும் ஒரு படம். அந்த நிழலுருவங்களுக்குக் கண்ணீருமில்லை, புன்னகையுமில்லை. கழுத்தின் சாய்விலும் விரலின் அசைவிலுமே துயரையும் மகிழ்ச்சியையும் அவர் காட்ட வேண்டியிருந்தது.

இவ்வாறு 1923 முதல் மூன்றாண்டுகள் உழைத்து, 'இளவரசன் அஹ்மதின் வீரச்செயல்கள்' என்ற முழுநீளப் படத்தை 1926இல் வெளியிட்டார். வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' வந்தது 1937இல்தான்! இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைவுச் சித்திரப் படங்களுள் இதுவே மிகப் பழமையானது.

ஆனால் சோதனையும் வந்தது. ஹிட்லரின் ஆட்சியை வெறுத்து, 1930களில் கணவருடன் நாட்டைவிட்டு வெளியேறினார். எந்த நாடும் நிரந்தர இடம் தராததால் ஊர் ஊராக அலைந்தார். போரின் நடுவே, நோயுற்ற தாயைப் பேணுவதற்காகப் பெர்லினுக்கே திரும்பினார். 1945இல் அந்நகரில் நடந்த போரில், மூன்றாண்டு உழைப்பின் மூலப் படச்சுருள் அழிந்தது. இங்கிலாந்தில் இருந்த ஒரு பிரதியால்தான் அப்படம் பின்னர் உயிர் பெற்றது.

அவர் மனம் தளரவில்லை. 1949இல் லண்டனில் குடியேறி, சிறுவர் கதைகளை மீண்டும் நிழலுருக்களாக்கினார். 1955இல் வெனிஸ் நகரில் பரிசு பெற்றார். மறு ஆண்டு, இயேசு பாலனின் பிறப்பைக் கூறும் 'பெத்லகேம் விண்மீன்' படத்தை அளித்தார். 1963இல் கணவர் மறைந்தபின் சில காலம் ஒதுங்கியிருந்தாலும், முதிய வயதில் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தார். 1981 ஜூன் 19ஆம் நாள், தம் 82ஆம் வயதில் மறைந்தார்.

அழிந்தது படச்சுருள், அழியாதது அவர் கைத்திறனும் பொறுமையும். அடுத்த கைவேலை வகுப்பில் தாள் கோணலாகிவிட்டால் சலிப்புற்று எறிந்துவிட வேண்டாம். இன்னொரு தாளை எடுப்போம், மீண்டும் வெட்டுவோம்.